படம் பார்த்து ஸ்பானிஷ் படிப்பது: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் வார இறுதிகளில் நான் நடத்தும் ஸ்பானிஷ் வகுப்பில் கரும்பலகையைவிடத் திரைக்குத்தான் வேலை அதிகம். பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர், ஹோட்டலிலும் சுற்றுலாத் துறையிலும் வேலை செய்பவர்கள், வேறு மொழிகள் படிப்பிக்கும் ஆசிரியர்கள் என்று பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தமிழில் யோசிக்கும் ஒருவர் ஆங்கிலத்தைச் சுற்றிப் போகாமல், தமிழிலிருந்து நேரே ஸ்பானிஷுக்குப் போக முடியும், போகவும் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். படமும் காட்சியும் அதற்குத்தான் உதவுகின்றன. ஆகவே இந்த எண்ணம் பதில்களில் அடிக்கடி தலைகாட்டும்.

படம் பார்த்துக்கொண்டே இருந்தால் மொழி தானாக வந்துவிடுமா?

வராது. வருடக்கணக்காக ஹிந்திப் படம் பார்த்து, பாட்டெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தும், ஹிந்தியில் ஒரு தேநீர் கேட்கத் தெரியாதவர்கள் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. கதை விளங்குவதற்கு முகமும் இசையும் சப்டைட்டிலும் போதும். காதுக்கு வேலையே இருப்பதில்லை. பார்க்கும்போது என்ன தேடுகிறோம், பார்த்த பிறகு என்ன கதைக்கிறோம் என்பதில்தான் படிப்பு இருக்கிறது. இரண்டு மணி நேரப் படத்தை ஒருமுறை பார்ப்பதைவிட, அதிலுள்ள இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை ஒரு மணி நேரம் கையில் வைத்திருப்பது பல மடங்கு பயன் தரும்.

இரண்டு நிமிடக் காட்சியை வைத்து ஒரு மணி நேரம் என்ன செய்வீர்கள்?

இந்தக் கேள்விக்கு ஆறுதலாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் முறை முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

முதலில் சத்தத்தை முழுவதும் நிறுத்திவிட்டுக் காட்சியைப் போடுவேன். சமையலறையில் ஒரு தாயும் மகனும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பார்த்துவிட்டு, அவர்கள் என்ன கதைத்திருப்பார்கள் என்று தமிழில் ஊகிப்பார்கள். "காசு கேட்கிறான்", "பரீட்சையில் பெயிலாம்", "அம்மாவுக்கு ஏற்கனவே தெரியும்" என்று வகுப்பே கலகலப்பாகிவிடும். அந்த ஊகங்களைப் பலகையில் எழுதுவோம். இப்போது எல்லோருக்கும் ஓர் அவசரம் வந்துவிடும்: உண்மையில் என்னதான் சொன்னார்கள்? அந்த ஆவலை உண்டாக்காமல் ஒரு சொல்லையும் கேட்க வைக்கக் கூடாது என்பது என் கொள்கை.

இரண்டாம் முறை திரையை மூடிவிட்டுச் சத்தம் மட்டும். யார் கோபமாக, யார் கெஞ்சலாக, எத்தனை கேள்விகள், எந்தப் பெயர்கள் என்று காதால் பிடிக்க வேண்டும். மூன்றாம் முறை படமும் சத்தமும் சேர்ந்து வரும். அப்புறம் ஸ்பானிஷ் சப்டைட்டிலோடு, ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி நிறுத்தி. இங்கேதான் அகராதியும் இலக்கணமும் உள்ளே வரும். கடைசியில் மறுபடியும் சத்தத்தை நிறுத்திவிட்டு, இரண்டு பிள்ளைகள் எழுந்து நின்று, வாயசைவுக்கு ஏற்றபடி அந்த வசனங்களைச் சொல்வார்கள். டப்பிங் கலைஞர்போல நேரம் தவறாமல் சொல்ல வேண்டும் என்பதால், ஸ்பானிஷின் ஓட்டமும் ஏற்ற இறக்கமும் அவர்கள் அறியாமலே நாக்கில் ஏறிவிடும்.

முதல் மாதத்துக்கு நான் சமையலறைக் காட்சிகளைத் தேடி எடுப்பதற்குக் காரணம் உண்டு. 1505-இல் போர்த்துக்கேயர் இங்கே வந்த பிறகு நம் தமிழில் ஒட்டிக்கொண்ட வீட்டுச் சொற்கள் பல, ஸ்பானிஷில் பக்கத்து உருவத்தில் இருக்கின்றன. மேசை அங்கே "மேசா", பாண் "பான்", குசினி "கொசீனா", சப்பாத்து "சபாத்தோ", அலுமாரி "அர்மாரியோ". திரையில் பொருளும் தெரிகிறது, காதில் பாதி பழகிய ஒலியும் விழுகிறது. முதல் நாளே தன்னால் விளங்கிக்கொள்ள முடிந்தது என்ற நம்பிக்கையோடு பிள்ளை வீட்டுக்குப் போகும்.

வசனமே இல்லாத படத்தையும் போடுகிறீர்களாமே? அதில் என்ன மொழி இருக்கிறது?

வசனம் இல்லாததால்தான் போடுகிறேன். கேட்பதற்கு ஒன்றுமில்லை என்றால் கதைக்க வேண்டியவர்கள் பிள்ளைகள்தான்.

2008-இல் ஆர்ஜென்டினாவில் வந்த "எல் எம்ப்ளேயோ" என்ற குறும் அனிமேஷன் படம் இதற்கு மிகப் பொருத்தம். "வேலை" என்று பொருள். ஒரு மனிதர் காலையில் எழுந்து, சவரம் செய்து, சாப்பிட்டு, வேலைக்குப் போகிறார். ஆனால் அவர் வீட்டு விளக்கு, மேசை, கதிரை எல்லாமே மனிதர்கள். வழியில் வருபவையும் அப்படியே. முடிவை இங்கே சொல்லவில்லை, பாருங்கள். ஆரம்ப மாணவருக்கு வேண்டிய அன்றாட வினைகள் எல்லாம், எழும்புகிறார், சவரம் செய்கிறார், உடுத்துகிறார், சாப்பிடுகிறார் என்று வரிசையாக அதில் வந்துவிடுகின்றன. அதே ஏழு நிமிடத்தை வைத்து, ஒரு வருடம் படித்த மாணவர்களோடு உழைப்பைப் பற்றியும் சுரண்டலைப் பற்றியும் ஸ்பானிஷில் விவாதிக்கலாம். தோட்டத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து கொழும்புக்கு வந்த பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லும் கருத்துகள் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காதவை.

சப்டைட்டில் எந்த மொழியில் இருக்க வேண்டும்?

ஸ்பானிஷ் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் கிடைப்பது அரிது. கையில் இருப்பவை ஆங்கிலமும் ஸ்பானிஷும். இரண்டில் ஸ்பானிஷையே போடுங்கள்.

ஆங்கிலத்தைப் போட்டால் கொழும்புப் பிள்ளை என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்? வேகமாக ஆங்கிலம் வாசிக்கும். ஸ்பானிஷ் பின்னணிச் சத்தமாகிவிடும். 2009-இல் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. டச்சு மாணவர்களுக்கு, அவர்களுக்குப் பழக்கமில்லாத ஸ்கொட்லாந்து, அவுஸ்திரேலிய உச்சரிப்பில் ஆங்கிலக் காணொளிகளைக் காட்டினார்கள். ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்பு பிறகு நன்றாக விளங்கியது. டச்சு சப்டைட்டிலோடு பார்த்தவர்கள் கதையை விளங்கிக்கொண்டார்களே தவிர, புதிய வசனங்களைக் கேட்டபோது அவர்களின் காது பின்தங்கியது. கேட்கும் மொழியும் வாசிக்கும் மொழியும் ஒன்றாக இருந்தால், எழுத்து காதுக்குக் கைகொடுக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலப் படத்தை ஸ்பானிஷ் டப்பிங்கில் பார்க்கும்போது, கீழே ஓடும் ஸ்பானிஷ் எழுத்தும் காதில் விழும் ஸ்பானிஷும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. டப்பிங் வசனத்தை எழுதியவர் வேறு, சப்டைட்டில் எழுதியவர் வேறு. ஆரம்ப மாணவர் தன் காதில்தான் பிழை என்று நினைத்துச் சோர்ந்துவிடுவார். ஆகவே முதலிலேயே ஸ்பானிஷில் எடுக்கப்பட்ட படங்களைத் தேர்ந்தெடுங்கள். டப்பிங்தான் பார்ப்பதென்றால், காது கேளாதோருக்கான சப்டைட்டில் என்று குறிப்பிட்டிருப்பதைப் போடுங்கள். அது பேசுவதை ஒட்டிப் போகும்.

தொடக்கத்தில் கதை ஒன்றுமே பிடிபடவில்லை என்றால்? நான் கதைச் சுருக்கத்தை முன்கூட்டியே தமிழில் சொல்லிவிடுவேன். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த பிள்ளை, அது எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைக் கவனிக்கும்.

ஆங்கிலம் தெரிந்தால் ஸ்பானிஷ் சுலபம் என்கிறார்கள். நீங்கள் ஏன் தமிழ் வழியாகப் படிப்பிக்கிறீர்கள்?

ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பொதுவான லத்தீன் சொற்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. வாசிப்புக்கு அது நிச்சயம் உதவும். ஆனால் வாக்கியம் அமைப்பதில் தமிழ்ப் பிள்ளைக்கு இருக்கும் வசதி ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இல்லை.

"எனக்கு சினிமா பிடிக்கும்" என்பதை ஸ்பானிஷில் "மே குஸ்தா எல் சினே" என்பார்கள். "எனக்கு" அதேபோல முன்னால் வருகிறது, வினை சினிமாவைச் சார்ந்து நிற்கிறது. ஆங்கிலம் வழியாக வருபவர்கள் "நான்" என்று தொடங்கித் தடுமாறும் இடம் இது. தலைவலியும் அப்படித்தான்: "மே துவேலே லா கபேசா", எனக்குத் தலை வலிக்கிறது. "வருகிறேன்" என்றாலே யார் வருவது என்று தெரிவதுபோல ஸ்பானிஷிலும் வினையின் முடிவே ஆளைக் காட்டிவிடும், "நான்" என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. நீ, நீங்கள் வித்தியாசமும் "து", "உஸ்தெத்" என்று அங்கே இருக்கிறது. எந்தக் காட்சியிலும் யார் யாரை எப்படி அழைக்கிறார் என்பதைத் தமிழ்ப் பிள்ளை உடனே கவனிக்கும், ஏனென்றால் அது நமக்கும் முக்கியம்.

உச்சரிப்பிலும் நமக்கு நல்ல காலம். ஸ்பானிஷின் ஐந்து உயிரொலிகளும் நம் அ, எ, இ, ஒ, உ-வுக்கு மிக அருகில் இருக்கின்றன. அவர்களின் "த" பல்லைத் தொட்டு வரும் நம் "த"-தான், ஆங்கில "ட" கிடையாது. "அது" என்று சொல்லும்போது நடுவிலுள்ள "து" எப்படி மெதுவாகிவிடுகிறதோ, அப்படியே ஸ்பானிஷிலும் உயிரெழுத்துகளுக்கு நடுவே மெதுவாகும். இந்த விதியைத் தமிழ்ப் பிள்ளைக்கு விளக்கவே தேவையில்லை, கேட்டதும் செய்துவிடும்.

கஷ்டமான இடங்களும் இருக்கின்றன. சொல்லின் தொடக்கத்தில் வரும் இரண்டு விதமான "ப" அவற்றில் ஒன்று. "பேசோ" என்று அழுத்தமில்லாமல் தொண்டையதிர்வோடு சொன்னால் முத்தம், அதிர்வில்லாமல் சொன்னால் எடை. நெருக்கமான முகக் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பழகுவதுதான் வழி. உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு என்பதும் நமக்குப் புதிது. இதில் படம் பெரிதாக உதவாது. பெயர்ச்சொல்லை, அதன் பாலைக் காட்ட முன்னால் வரும் "எல்" அல்லது "லா"-வோடு சேர்த்தே எழுதிப் படிக்க வேண்டும்.

எந்த நாட்டு ஸ்பானிஷைப் படிப்பது?

ஸ்பானிஷ் 20 நாடுகளில் அரச மொழி. ஸ்பெயினில் "கிராத்தியாஸ்" என்று நாக்கு நுனியைப் பல்லிடையே வைத்துச் சொல்லும் நன்றி, மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் "கிராசியாஸ்". ஆர்ஜென்டினாவில் "நீ" என்பதற்குச் சொல்லே வேறு, "வோஸ்". கொழும்பில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்து உறவினரோடும் மட்டக்களப்பு நண்பரோடும் கதைத்து, இரவில் சென்னைப் படம் பார்க்கும் நமக்கு இது ஒரு விஷயமே கிடையாது. ஒன்றைப் பேசப் படியுங்கள், மற்றவற்றைக் கேட்டு விளங்கப் பழகுங்கள். நான் பேசுவதற்கு மெக்சிகோ ஸ்பானிஷைப் பழக்குகிறேன், ஏனென்றால் பிள்ளைகளுக்கு ஏற்ற காணொளிகள் அதில் நிறையக் கிடைக்கின்றன. ஸ்பெயின் பயணிகளோடு வேலை செய்பவர்களுக்கு ஸ்பெயின் ஸ்பானிஷ்.

மெக்சிகோ இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோனின் "ரோமா" 2018-இல் வந்தபோது நடந்த ஒரு சம்பவத்தை வகுப்பில் எப்போதும் சொல்வேன். மெக்சிகோ ஸ்பானிஷில் எடுத்த அந்தப் படத்துக்கு, ஸ்பெயின் பார்வையாளருக்காக ஸ்பெயின் ஸ்பானிஷில் சப்டைட்டில் போட்டிருந்தார்கள். பாத்திரம் "மமா" என்று கூப்பிட, கீழே "மாத்ரே" என்று எழுத்து ஓடியது. கோபப்படுவதற்கான சாதாரணச் சொல்லையும் மாற்றியிருந்தார்கள். ஸ்பெயின்காரரை அவமதிக்கும் செயல் இது என்று குவாரோனே கண்டித்தார், 2019 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் அதை மாற்றிவிட்டது. ஒரே மொழிக்காரர்கள் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வார்கள் என்ற மரியாதையை அவர் கேட்டார். நம் பேச்சுத் தமிழைப் படத்தில் கேலியாகப் பயன்படுத்துவதைப் பார்த்து வளர்ந்த ஈழத் தமிழருக்கு அந்தக் கோபம் நன்றாகவே விளங்கும்.

பல உச்சரிப்புகளை ஒரே படத்தில் கேட்க வேண்டுமென்றால் 2004-இல் வந்த "டியாரியோஸ் தே மோட்டோசிக்லேத்தா" நல்ல தெரிவு. இளம் சே குவேராவும் அவர் நண்பரும் ஆர்ஜென்டினாவிலிருந்து சிலி, பெரு என்று போகப் போகப் பேச்சும் மாறிக்கொண்டே போகும்.

சரியான வேகமாகக் கதைக்கிறார்களே, ஒன்றும் பிடிபடவில்லையே?

உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. 2011-இல் வெளியான, பல மொழிகளின் பேச்சு வேகத்தை அளந்த ஓர் ஆய்வில், ஸ்பானிஷில் நொடிக்கு ஏறக்குறைய 8 அசைகள் வந்தன. ஆங்கிலத்தில் 6-ஐச் சற்றுத் தாண்டியது. ஆனால் ஸ்பானிஷின் ஒவ்வோர் அசையும் சுமக்கும் செய்தி குறைவு. மொத்தத்தில் இரண்டு மொழிகளும் ஒரே அளவு நேரத்தில் ஏறத்தாழ ஒரே அளவு விஷயத்தைத்தான் சொல்லி முடிக்கின்றன.

யூடியூபிலும் நெட்ஃபிளிக்ஸிலும் வேகத்தை 0.75-க்குக் குறைக்கலாம். அதற்குக் கீழே போகாதீர்கள், குரல் சிதைந்து இயல்பான இணைப்புகள் போய்விடும். குறைத்த வேகத்தில் இரண்டு முறை, பிறகு கட்டாயம் உண்மையான வேகத்தில் ஒருமுறை. சிறு பிள்ளைகளுக்கு "பொகோயோ" என்ற ஸ்பெயின் கார்ட்டூனைத் தருகிறேன். ஓர் அங்கம் ஏழு நிமிடம்தான். கதைசொல்லி தெளிவாக, ஆறுதலாகப் பேசுவார். சொன்னது அப்படியே திரையிலும் நடக்கும். பெரியவர்கள் வெட்கப்படாமல் பார்க்கலாம்.

இலக்கணம் எப்போது?

காட்சிக்குள்ளேயே. உதாரணத்துக்கு இறந்தகாலத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்பானிஷில் அது இரண்டு வகை. ஒன்று நடந்து முடிந்த செயலுக்கு, மற்றது பின்னணியில் நடந்துகொண்டிருந்ததற்கும் வழக்கமாக நடந்ததற்கும். இதைப் பலகையில் அட்டவணை போட்டு விளக்கினால் மாணவர்கள் தலையாட்டுவார்கள், பிறகு எழுதும்போது கலந்துவிடுவார்கள்.

ஒரு காட்சியை நிறுத்துங்கள். மழை பெய்துகொண்டிருந்தது, பாட்டி தைத்துக்கொண்டிருந்தார், பூனை தூங்கிக்கொண்டிருந்தது. இவையெல்லாம் பின்னணி வகை. இப்போது ஓடவிடுங்கள். கதவு தட்டப்பட்டது, பாட்டி எழுந்தார், பூனை ஓடியது. இவை மற்ற வகை. நிறுத்திய படம் ஒன்று, ஓடுகிற படம் மற்றது. இப்படிச் செய்த பிறகு பெரும்பாலான பிள்ளைகளுக்கு விதியை நான் சொல்லத் தேவையிருப்பதில்லை.

தமிழ்ப் பிள்ளைகள் வழுக்கும் ஓர் இடத்தைப் பற்றி ஆசிரியர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். "சின்ன வயதில் தினமும் கடற்கரைக்குப் போவேன்" என்று நாம் பழைய வழக்கத்துக்கு எதிர்கால வடிவத்தைப் பாவிக்கிறோம். அதை அப்படியே கொண்டுபோய் ஸ்பானிஷிலும் எதிர்காலத்தில் எழுதிவிடுகிறார்கள். ஸ்பானிஷில் அது பின்னணி வகை இறந்தகாலம். இதற்கு, ஒரு பாத்திரம் தன் பழைய நாட்களை நினைத்துப் பார்க்கும் காட்சிகளைத் தேடி எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒன்றாவது இருக்கும்.

என் மகளுக்கு 11 வயது. ஸ்பானிஷ் படங்களில் கண்டதெல்லாம் வருமே?

நியாயமான பயம். நானே முழுதும் பார்க்காத எதையும் வகுப்பில் போடுவதில்லை, நீங்களும் போடாதீர்கள். பட விளம்பரத்தை நம்ப முடியாது. 2006-இல் வந்த "எல் லபெரிந்தோ தெல் ஃபாவ்னோ" ஒரு சிறுமியின் தேவதைக் கதைபோலத்தான் தெரியும். உள்ளே போருக்குப் பிந்திய ஸ்பெயினின் சித்திரவதைக் காட்சிகள் இருக்கின்றன, பெரியவர்களே முகத்தைத் திருப்புவார்கள். பெயர் பெற்ற ஸ்பானிஷ் தொடர்கள் பலவும் பள்ளி மாணவர்களுக்கு ஏற்றவை அல்ல.

அந்த வயதுக்கு நான் முதலில் எடுப்பது 2017-இல் வந்த "கோகோ". ஆங்கிலத்தில் எடுத்ததுதான், ஆனால் மெக்சிகோ ஸ்பானிஷ் டப்பிங் மிக நன்றாக இருக்கிறது, கதை முழுவதும் மெக்சிகோவிலேயே நடக்கிறது. இறந்தவர்களை நினைத்து நவம்பர் 1, 2-ஆம் திகதிகளில் அங்கே வீட்டில் படம் வைத்து, பூ வைத்து, அவர்களுக்குப் பிடித்த உணவு வைக்கிறார்கள். நவம்பர் 2-இல் கல்லறைக்கு மெழுகுதிரி கொண்டுபோகும் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கும், ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்வதற்கு நிறைய இருக்கும். "எங்கள் வீட்டில் நாங்கள் என்ன செய்வோம்" என்று ஸ்பானிஷில் ஐந்து வரி எழுதச் சொன்னால், மற்ற எந்தத் தலைப்பையும்விட நீளமாக எழுதுகிறார்கள்.

தெலெ தேர்வு எழுத வேண்டும். படம் பார்ப்பது நேரம் வீணா?

தெலெ என்பது ஸ்பெயினின் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் சான்றிதழ்த் தேர்வு. ஏ1-இலிருந்து சி2 வரை ஆறு நிலைகள். வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு எல்லாமே உண்டு.

பேச்சுத் தேர்வில் ஏ2, பி1 நிலைகளில் ஒரு புகைப்படத்தைக் கொடுத்து விவரிக்கச் சொல்வார்கள். பி2-இல் படத்தை வைத்து என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். நிறுத்திய காட்சியை வைத்து வாரா வாரம் கதைத்த பிள்ளைக்கு இது பழகிய வேலை. கேட்டல் தேர்வு வேறு மாதிரி. அங்கே படம் கிடையாது, ஒலி மட்டும்தான். முகத்தையும் கையசைவையும் நம்பியே விளங்கிக்கொள்ளப் பழகியவர்கள் அங்கே திணறுவார்கள். ஆகவே தேர்வுக்கு மூன்று மாதம் முன்பிருந்து திரையை மூடிக் கேட்கும் பயிற்சியைக் கூட்டுங்கள். பழைய வினாத்தாள்களும் கட்டாயம் செய்ய வேண்டும், படம் அதற்கு மாற்றாகாது. தேர்வு நடக்கும் இடங்களையும் நாட்களையும் செர்வாந்தெஸ் நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள்.

நான் சுற்றுலா வழிகாட்டி. காதல் கதை எல்லாம் எனக்கு எதற்கு?

உங்களுக்குப் பயண நிகழ்ச்சிகள்தான் பொருத்தம். ஸ்பெயினின் அரச தொலைக்காட்சியான ஆர்.டி.வி.இ.-யில் 2009 முதல் வரும் "எஸ்பன்யோலெஸ் என் எல் முந்தோ" வெளிநாடுகளில் வாழும் ஸ்பெயின்காரர்கள் தங்கள் ஊரைச் சுற்றிக் காட்டும் நிகழ்ச்சி. கோயில், சந்தை, சாப்பாடு, வானிலை, தூரம், விலை என்று நீங்கள் நாள் முழுக்கச் சொல்ல வேண்டியதை அவர்கள் தங்கள் வாயால் சொல்வார்கள். ஓர் அங்கத்தில் ஒரு சந்தைக் காட்சியை எடுத்து, அதே வாக்கியங்களில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் புறக்கோட்டையைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: அதில் எல்லோரும் நெருக்கமாக "து" போட்டுத்தான் கதைப்பார்கள். வயதான பயணியிடம் நீங்கள் "உஸ்தெத்" என்றே தொடங்குங்கள்.

மகனுக்குக் கால்பந்து தவிர வேறொன்றிலும் ஆர்வமில்லை.

நல்லது. வர்ணனை வேண்டாம், மிக வேகம். போட்டி முடிந்ததும் வீரர்கள் தரும் பேட்டிகளை எடுங்கள். ஒரு நிமிடம்தான் இருக்கும், எல்லா வீரரும் கிட்டத்தட்ட அதே வாக்கியங்களைத்தான் சொல்வார்கள், அதனால் பத்தாவது பேட்டிக்குள் பிள்ளைக்கு மனப்பாடமாகிவிடும். மெஸ்ஸியின் பேட்டிகளில் ஆர்ஜென்டினா உச்சரிப்பையும் பழகலாம்.

எண்கள் மனதில் நிற்பதில்லை. அதற்கும் காணொளி உண்டா?

மிக நல்லது ஒன்று உண்டு. ஒவ்வொரு டிசம்பர் 22-ஆம் திகதியும் ஸ்பெயினில் கிறிஸ்துமஸ் லொத்தர் குலுக்கல் நடக்கும். மத்ரித்தின் சான் இல்தெஃபோன்சோ பள்ளிப் பிள்ளைகள் ஐந்து இலக்க எண்களையும் பரிசுத் தொகையையும் மேடையில் மணிக்கணக்காகப் பாடிக்கொண்டே இருப்பார்கள். அங்கே காலை 9 மணி, கொழும்பில் பிற்பகல் 1.30. ஸ்பெயின் தொலைக்காட்சியில் நேரடியாக வரும். ஒரு தாளை எடுத்து, கேட்கும் எண்களை எழுத வேண்டியதுதான். அரை மணி நேரத்தில் எண்கள் காதில் பதிந்துவிடும். பரிசுச்சீட்டு விஷயம் வேண்டாம் என்று நினைக்கும் வீடுகளுக்கு வானிலை அறிக்கை இருக்கிறது. வெப்பநிலை எண்கள், ஊர்ப் பெயர்கள், வரைபடம் எல்லாம் அதில் வரும்.

நேரடிச் செய்தி பார்க்கலாமா? எத்தனை மணிக்கு?

ஒரு வருடமாவது படித்த பிறகு. ஆர்.டி.வி.இ.-யின் முக்கியச் செய்தி அங்கே பிற்பகல் 3 மணிக்கு. கொழும்பில் அது குளிர்காலத்தில் இரவு 7.30, மார்ச் கடைசியிலிருந்து ஒக்டோபர் கடைசி வரை மாலை 6.30. அன்று காலை நம் பத்திரிகையில் வாசித்த உலகச் செய்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் கவனித்துப் பாருங்கள். விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் சொற்கள் தாமாகவே விளங்கும்.

டேட்டா செலவு தாங்கவில்லை, வீட்டில் வைஃபையும் இல்லை.

இந்த முறைக்கு நிறைய டேட்டா தேவையில்லை என்பதே அதன் பெரிய நன்மை. வாரத்துக்கு ஒரே காட்சிதான். வகுப்பிலோ நண்பர் வீட்டிலோ தரவிறக்கிக் கொண்டுபோங்கள், படத்தின் தரத்தை 360-க்குக் குறைத்துக்கொள்ளுங்கள், வாயசைவு தெரிந்தால் போதும். ஒலியை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு 100-ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி நெரிசலில் நிற்கும்போது கேட்கலாம். பார்த்த காட்சியைக் காதில் மட்டும் கேட்பது மிக நல்ல பயிற்சி.

அச்சிட்ட படமும் காட்சி ஊடகம்தான் என்பதையும் மறக்காதீர்கள். 1964-இல் தொடங்கிய ஆர்ஜென்டினாவின் "மஃபால்தா" சித்திரக் கதைகளில் நாலு கட்டத்துக்குள் ஒரு முழு உரையாடல் இருக்கும். பேச்சுக் குமிழ்களை வெள்ளைத் தாளால் மறைத்து, பிள்ளைகளை நிரப்பச் சொல்லுங்கள். கரண்ட் போனாலும் வகுப்பு நடக்கும்.

நானும் மொழி ஆசிரியை. வகுப்பில் படம் போடுவது சட்டப்படி சரியா?

இலங்கையின் 2003-ஆம் ஆண்டு 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கற்பித்தலுக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. வகுப்பறைக்குள் ஒரு சிறு பகுதியைக் காட்டி அதைப் பற்றிப் படிப்பிப்பது அந்த எண்ணத்துக்குள் வரும். மண்டபம் எடுத்து, ரிக்கெட் விற்று, முழுப் படத்தையும் காட்டுவது அதற்குள் வராது. உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். திருட்டுப் பிரதிகளைப் பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். படம் எடுத்தவரின் உழைப்பை மதிக்கக் கற்றுக்கொடுப்பதும் ஆசிரியரின் பொறுப்பு என்று நம்புகிறேன்.

எனக்கு ஸ்பானிஷ் ஒரு சொல்லும் தெரியாது. வீட்டில் பிள்ளைக்கு எப்படி உதவுவது?

தெரியாததே நல்லது. பக்கத்தில் உட்கார்ந்து, "இவன் ஏன் அழுகிறான்? அவள் என்ன சொன்னாள்?" என்று உண்மையாகவே கேளுங்கள். பிள்ளை தமிழில் விளக்கும். விளக்குவதற்காகவே அடுத்த முறை கூர்ந்து கேட்கும். காட்சி முடிந்ததும், "இப்போது அதையே ஸ்பானிஷில் சொல்லு" என்று கேட்டுவிட்டு, நிறுத்தாமல், திருத்தாமல், முடியும் வரை கேட்டுக்கொண்டிருங்கள். பிழைகளை வகுப்பில் பார்த்துக்கொள்வோம். நாளுக்குக் கால் மணி நேரம் போதும். சனிக்கிழமை வரும்போது, பிள்ளை உங்களுக்கு விளக்கத் தெரியாமல் நின்ற இடத்தை ஒரு துண்டில் எழுதி அனுப்புங்கள். அந்த வாரப் பாடத்தை நான் அந்த இடத்திலிருந்து தொடங்குவேன்.